எந்த வறட்சிக்கு எந்த நெல்?



"வறட்சி தாங்கும் ரகம்" என்ற அச்செழுத்தை விதை மூட்டையில் பார்த்திருப்பீர்கள். விவசாயக் கண்காட்சிகளின் பலகைகளிலும் அது இருக்கிறது. நெற்பயிரின் உடலியலைப் படித்தும் கற்பித்தும் வந்தவன் என்ற முறையில் எனக்கு அந்த எழுத்தின் மேல் ஒரு மனக்குறை உண்டு. எந்த வறட்சியைத் தாங்கும் என்று அது சொல்வதே இல்லை. முளைத்து நாலு இலை விட்டதும் வருகிற வறட்சியா, தூர் கட்டும்போது வருவதா, தொண்டைக்கதிரில் வருவதா? ஒவ்வொன்றையும் தாங்குகிற நெல் வேறு வேறு. ஒன்றைத் தாங்கி நிற்கும் நெல் இன்னொன்றில் முதல் ஆளாகக் கருகிவிடும். நான் இன்று சொல்ல வந்தது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்.

நெல் என்றதும் எல்லோருக்கும் தஞ்சாவூர் நினைவுக்கு வரும். இராமநாதபுரம் மாவட்டத்திலும் முதன்மைப் பயிர் நெல்தான் என்றால் வெளியூர்க்காரர்கள் சட்டென்று நம்ப மாட்டார்கள். ஒரு லட்சம் எக்டேருக்கு மேல் அங்கே நெல் பயிராகிறது. பெரும்பகுதி மானாவாரி. ஆண்டு முழுவதும் பெய்வது எண்ணூறு மில்லிமீட்டரை ஒட்டிய மழை. அதிலும் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதத்துக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். ஆற்றுப் பாசனத்தை நம்பியவர்களுக்கு இந்த விவசாயம் சூதாட்டமாகத் தெரியலாம். அந்த ஊர்க்காரர்கள் பல தலைமுறையாகக் கணக்குப் பார்த்துச் செய்து வந்திருக்கிறார்கள்.

அவர்கள் செய்வது புழுதி விதைப்பு. நாற்றங்கால் கிடையாது, நடவு கிடையாது. கோடை மழைக்கு உழுது போட்ட நிலத்தைப் புழுதி பறக்க மறுபடியும் உழுது, புரட்டாசியில் காய்ந்த மண்ணில் காய்ந்த விதையைத் தூவி மூடிவிடுவார்கள். விதை மண்ணுக்குள் மழைக்குக் காத்திருக்கும். முதல் மழையில் முளைத்து, ஒரு மாதம் ஒன்றரை மாதம் சோளம் கம்பைப் போலப் புன்செய்ப் பயிராகவே வளரும். கார்த்திகையில் கண்மாய் பெருகி மடை திறந்தால் அதற்குப் பிறகு நன்செய்ப் பயிராக மாறும். ஒரே செடி ஒரே பருவத்துக்குள் இரண்டு வாழ்க்கை வாழ்கிறது.

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். நெல்லுக்கு அறுவடைக்கு முந்தைய முப்பது நாள் மணி முற்றுவதற்கானது. ஆகவே 110 நாள் நெல் ஏறத்தாழ 80ஆம் நாளில் பூக்கும். 135 நாள் நெல் 105ஆம் நாளில் பூக்கும். செப்டம்பர் 25ஆம் தேதி விதைத்து உடனே மழை கிடைத்து முளைத்தால், குறுகிய வயது நெல் டிசம்பர் நடுவில் பூத்துவிடும். அப்போது மழை முற்றாக விலகியிருக்காது, கண்மாயிலும் தண்ணீர் கிடக்கும். நீண்ட வயது நெல் ஜனவரி 8 வாக்கில் பூக்கும். மழை முடிந்துவிட்டது, இனி கண்மாயில் தேங்கியதுதான் கதி.

விதை முளைக்கும் நாளிலிருந்துதான் பயிரின் வயதைக் கணக்கிட வேண்டும், விதைத்த நாளிலிருந்து அல்ல. வடகிழக்குப் பருவமழை தொடங்குவது வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டி. முன்மழை ஏமாற்றி அன்றுதான் முளைத்தது என்று வையுங்கள். குறுகிய வயது நெல்லே ஜனவரி 8க்குப் போய்விடும். நீண்ட வயது நெல் பிப்ரவரி தொடக்கத்தில், தை பாதி கடந்த பிறகு, காய்ந்த வயலில் கதிர் தள்ளும். பத்து இருபது நாள் வித்தியாசம் ஒரு குடும்பத்தின் வருஷச் சாப்பாட்டையே தீர்மானித்துவிடுகிறது. 2016ஐ நினைத்துப் பாருங்கள். அந்த வடகிழக்குப் பருவத்தில் தமிழகத்துக்குக் கிடைக்க வேண்டிய 440 மில்லிமீட்டரில் 168 மில்லிமீட்டர்தான் கிடைத்தது. 62 சதவீதம் குறைவு. அது போன்ற வருஷத்தில் எந்த ரகமும் காப்பாற்றாது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். மழையே இல்லாத இடத்தில் நெல் விளைவிக்கும் வித்தை எந்த மரபணுவிடமும் இல்லை. நான் பேசுவது மழை தாமதிக்கிற, நடுவில் இடைவெளி விடுகிற, முன்னதாகவே முடிந்துபோகிற வருஷங்களைப் பற்றி. பெரும்பாலான வருஷங்கள் அப்படிப்பட்டவைதான்.

பூக்கும் நாளைப் பற்றி இவ்வளவு சொல்கிறேனே, அன்றைக்கு அப்படி என்ன நடக்கிறது என்று மாணவர்கள் கேட்கலாம். கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். காலை ஒன்பது மணியிலிருந்து நண்பகலுக்குள் நெற்பூ திறக்கும். உமியாகப் போகிற இரண்டு செதில்களும் மெல்ல விலகும். உள்ளிருந்து ஆறு மகரந்தப் பைகள் மெல்லிய காம்புகளில் வெளியே நீளும். பைகள் வெடித்து மகரந்தம் அதே பூவின் சூல்முடியில் விழும். மகரந்தத்துக்கு உயிர்ப்பு சில நிமிஷம்தான். ஒரு மணி நேரத்துக்குள் செதில்கள் மூடிக்கொள்ளும். அந்தப் பூ மணியாகுமா பதராகுமா என்பது அதற்குள் முடிவாகிவிடும். மறுபடி வாய்ப்புக் கிடையாது.

செடிக்குத் தண்ணீர் போதாத நாளில் இதில் ஒவ்வொன்றும் தவறும். மகரந்தப் பை வெடிக்காது. வெடித்தாலும் மகரந்தம் வற்றியிருக்கும். அதற்கும் முன்னால், கதிரைத் தாங்கும் காம்பு நீள வேண்டிய அளவு நீளாது. அதனால் கதிரின் கீழ்ப்பாதி கண்ணாடி இலையின் உறைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அப்படிச் சிக்கிய கதிரை உறையைக் கிழித்துப் பார்த்தால், மேலே வெளிவந்த பூக்கள் வெளுத்து நிற்கும். உள்ளே இருப்பவை பச்சையாக, திறக்காமல், நசுங்கிக் கிடக்கும். வயல் முழுக்க இப்படி ஆனதைத்தான் ஊரில் "சாவியாப் போச்சு" என்கிறார்கள். வைக்கோல் இருக்கும், நெல் இருக்காது. தூர் கட்டும் பருவத்தில் பதினைந்து நாள் காய்ந்த பயிர், மழை பெய்தால் மறுபடி தழைக்கும். அதே பதினைந்து நாள் பூக்கும் பருவத்தில் வந்தால் பெய்கிற மழையால் பயனில்லை.

அப்படியானால் குறுகிய வயது நெல்லை எல்லோரும் விதைத்துவிட்டால் தீர்ந்ததா? தீரவில்லை. வறட்சி வருவதற்குள் பூத்து முடித்துவிடுவது தப்பிக்கும் வழி. நல்ல வழிதான். ஆனால் 100 நாள் நெல்லுக்கு இருபது நாள் இடைக்கால வறட்சி வந்தால் இழந்ததை ஈடுகட்ட அதனிடம் நாள் மிச்சமில்லை. தூர் குறைந்தது குறைந்ததுதான். 130 நாள் நெல்லோ அந்த இருபது நாள் சும்மா நின்றுவிட்டு, மழை வந்ததும் மறுபடி தூர் வெடித்து எழுந்துவிடும். முன்வறட்சிக்கு நீண்ட வயது நல்லது, பின்வறட்சிக்குக் குறுகிய வயது நல்லது. இரண்டும் ஒரே ஊரில் அடுத்தடுத்த வருஷத்தில் வரலாம். நல்ல மழை பெய்த வருஷத்தில் குறுகிய வயது நெல், வெயிலையும் உரத்தையும் வாங்க நாள் போதாமல், பக்கத்து வயலைவிடக் குறைவாகத் தரும். இந்த இழுபறியை விவசாயி ஒவ்வொரு புரட்டாசியிலும் தனியாக உட்கார்ந்து முடிவு செய்கிறார். அந்த முடிவின் கனத்தை ஆராய்ச்சியாளர்களாகிய நாங்கள் வெகுகாலம் போதிய அளவு உணரவில்லை என்பது என் கருத்து.

தப்பிப்பது ஒரு வழி என்றால், தண்ணீர் இழப்பைத் தவிர்ப்பது இன்னொன்று. இலையைச் சுருட்டிக்கொள்வது, இலைத்துளைகளை மூடிக்கொள்வது, மேல் தோலில் மெழுகு பூசிக்கொள்வது எல்லாம் இதில் சேரும். ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. துளையை மூடினால் நீராவி போவது நிற்கும், கரியமில வாயு உள்ளே வருவதும் நிற்கும். அந்த நேரத்தில் செடி மாவுச்சத்து தயாரிப்பதில்லை. மேலும், சுருண்ட இலையைப் பார்த்து ரகத்தை எடை போடுவது ஏமாற்றும். மத்தியானம் சுருண்டு மாலையில் விரிகிற இலை கெட்டிக்கார இலை. விடியற்காலை ஆறு மணிக்கும் சுருண்டே இருக்கிறது என்றால், இரவு முழுவதும் வேர் இழுத்தும் செடி தாகம் தீராமல் நிற்கிறது என்று பொருள். வயலுக்குப் போகிறவர்கள் மத்தியானப் பயிரைப் பார்த்துப் பதறுவதைவிட விடியலில் போய்ப் பார்ப்பது நல்லது.

மூன்றாவது, தண்ணீர் குறைந்தும் உயிரணுக்கள் வாடாமல் தாங்குவது. சர்க்கரை, பொட்டாசியம், புரோலின் போன்றவற்றை உயிரணுவுக்குள் சேர்த்து வைத்தால் இருக்கிற ஈரத்தை அது விடாமல் பிடித்துக்கொள்ளும். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் ஆர். சந்திரபாபுவும் குழுவினரும் ஆராய்ந்த ஒரு கலப்பு இதற்கு அருமையான எடுத்துக்காட்டு. ஒரு பெற்றோர் கொலம்பியாவில் உருவான மேட்டு நில நெல் சி.டி.9993, ஆழமான தடித்த வேர் கொண்டது. மற்றவர் பிலிப்பைன்ஸில் உருவான ஐ.ஆர்.62266; வேர் சாதாரணம், ஆனால் உயிரணுவில் உப்பும் சர்க்கரையும் சேர்க்கும் திறமை அதிகம். இருவரும் வறட்சியை எதிர்கொள்கிறார்கள், ஒருவர் தேடிப்போய், மற்றவர் உள்ளதைப் பிடித்துக்கொண்டு. இவர்களுடைய பிள்ளைகளில் எந்தக் குணம் எந்தக் குரோமோசோமில் அமர்ந்திருக்கிறது என்று பார்த்து, 2003இல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

வேரைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். சேற்று நடவில் வளரும் நெல்லின் வேர்களில் பெரும்பாலானவை மேல் ஒரு சாணுக்குள்ளேயே படர்ந்து கிடக்கும். கீழே மண் இறுகியிருப்பதும் ஒரு காரணம், செடியின் பிறவிக் குணமும் ஒரு காரணம். பிலிப்பைன்ஸின் மேட்டு நிலத்து நெல் கினந்தாங் பத்தோங் அப்படியல்ல. அதன் வேர் செங்குத்தாகக் கீழே இறங்கும். ஜப்பானின் சுகுபாவில் யுசாகு உகாவும் அவருடைய குழுவும் இந்த வேறுபாட்டின் வேரைத் தோண்டிக் கண்டுபிடித்து 2013இல் வெளியிட்டார்கள். டி.ஆர்.ஓ.1 என்ற மரபணு வேர் நுனிக்குப் புவியீர்ப்பின் திசையை உணர்த்துகிறது. உலகெங்கும் பயிரிடப்பட்ட ஐ.ஆர்.64 ரகத்தில் அந்த மரபணுவில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டிருக்கிறது. அந்த ஓர் எழுத்து இல்லாததால் மரபணு பாதியில் முடிந்துபோய், வேர் பக்கவாட்டில் படர்கிறது. முழு மரபணுவை ஐ.ஆர்.64க்குள் கலப்பின் மூலம் கொண்டுவந்தபோது வேர் கீழே திரும்பியது. கடும் வறட்சியில் பழைய ஐ.ஆர்.64இல் ஏறத்தாழ மணியே மிஞ்சாதபோது புதியது ஓரளவு விளைந்தது. தண்ணீர் நிறைந்த வயலில் விளைச்சல் குறையவும் இல்லை.

படிக்கும்போது மனம் துள்ளுகிறது. அப்படியே எடுத்துக்கொண்டு இராமநாதபுரம் கடலோரத்துக்கு வந்தால் யோசிக்க வேண்டியிருக்கிறது. அங்கே பல வயல்களில் கீழே போகப் போக உவர். ஆழமாக இறங்கும் வேர் அந்த உப்புத் தண்ணீரைத்தான் தொடும். மேட்டுப் பாறை நிலத்தில் இரண்டடிக்குக் கீழே மண்ணே இருக்காது. ஆழ வேர் என்பது கீழே நல்ல ஈரம் இருக்கும் மண்ணுக்கான வரம். களிமண் ஆழமாக இருந்து, மழைத் தண்ணீர் உள்ளிறங்கித் தங்கும் வயலுக்கு அது பொன்னான குணம். இடம் தெரியாமல் அந்தக் குணத்தைப் புகழ்வது வீண்.

இடம் என்று சொல்லும்போது சோளத்தையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளலாம். மகாராஷ்டிரத்தில் சோலாப்பூரைச் சுற்றிய கரிசல் பகுதியில், மழைக்காலம் முடியும் தறுவாயில் சோளம் விதைக்கிறார்கள். அதன் பிறகு பெரிய மழை கிடையாது. மண்ணில் தேங்கிய ஈரத்தைக் கொண்டே பயிர் கடைசி வரை ஓட வேண்டும். ஆகவே அங்கே வறட்சி வருஷா வருஷம் ஒரே பருவத்தில், மணி பிடிக்கும்போது வரும். உள்ளூர் மாலதண்டிச் சோளத்திலிருந்து 1930களில் மோஹோலில் தேர்ந்தெடுத்த எம்.35-1 என்ற ரகம் இன்று வரை அங்கே வயலில் நிற்கிறது. வேறு சில சோளங்களில், மணி முற்றும் வரை இலை பச்சையாக நிற்கும் ஒரு குணம் உண்டு. முன்பாதியில் குறைவாக இலை விட்டு, மண்ணின் ஈரத்தைச் செலவழிக்காமல் வைத்திருப்பது அதன் இரகசியம். மாதக் கடைசிக்கென்று அரிசியை அளந்து உலையில் போடுகிற வீடு மாதிரி. வறட்சி எப்போது வரும் என்று நிச்சயமாகத் தெரிந்த இடத்தில் ஒரே ரகம் பல தலைமுறை நின்று நிலைக்கிறது. நம் மானாவாரி நெல்லுக்கு அந்த நிச்சயம் இல்லை. அதனால்தான் அதன் கதை சிக்கலாக இருக்கிறது.

இனி ஒரு வரலாறு. 1966இல் மணிலாவுக்கு அருகே உள்ள லாஸ் பானோஸிலிருந்து, சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து, ஐ.ஆர்.8 வந்தது. இந்தோனேசியாவின் உயரமான பேட்டாவையும் தைவானின் குட்டையான தீ-கியோ-வூ-ஜென் நெல்லையும் கலந்து பிறந்தது. உரம் போட்டால் சாயாமல் நிற்கும் குட்டைச் செடி. அது ஆசியாவின் பசியைக் குறைத்தது. அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஆனால் அந்தக் குட்டைத் தன்மையைத் தேடியபோது நமக்குத் தெரியாமல் வேறொன்று கைவிட்டுப் போயிற்று. முதல் குரோமோசோமில் குட்டைத் தன்மைக்கான மரபணுவை ஒட்டியே, வறட்சியில் விளைச்சலைக் காக்கும் ஒரு பகுதி இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் நகினாவில் உருவான நகினா 22 போன்ற பழைய நெல்களில் அந்தப் பகுதி உயரமான செடியின் மரபணுவோடு ஒட்டிக்கொண்டு வரும். குட்டையைத் தேர்ந்தெடுத்தபோதெல்லாம் அண்டையில் இருந்த வறட்சிப் பகுதியும் சேர்ந்தே கழிந்தது. இதை 2015இல் பிரசாந்த் விக்ரமும் உடன் ஆய்வாளர்களும் விளக்கினார்கள். பாசன வயலில் தேர்ந்தெடுத்த ஆராய்ச்சியாளர்களுக்கு அந்த இழப்பு கண்ணில் படவே வாய்ப்பில்லை. தண்ணீர் நிறைந்த வயலில் வறட்சிக் குணத்தின் குறை எப்படித் தெரியும்? இப்போது அந்த ஒட்டுறவை உடைத்து, குட்டையாகவும் வறட்சி தாங்குவதாகவும் சந்ததி வரிசைகளை எடுத்திருக்கிறார்கள்.

தேர்வு செய்யும் முறையே ஒரு காலத்தில் வேறாக இருந்தது. வறட்சி வயலில் விளைச்சலை அளப்பது நம்பகமில்லாதது, வருஷத்துக்கு வருஷம் மாறும், ஆகவே வேரின் நீளம், இலையின் வெப்பம் போன்ற துணைக் குணங்களைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நினைத்தார்கள். 2000க்குப் பிறகு கேரி அட்லின், அரவிந்த் குமார் போன்ற ஆராய்ச்சியாளர்கள் அதை மாற்றினார்கள். பூக்கும் பருவத்தில் வேண்டுமென்றே தண்ணீரை நிறுத்தி, களத்தில் விழுந்த நெல்லை நேரடியாக எடை போட்டார்கள். கூடவே அதே வரிசைகளைத் தண்ணீருள்ள வயலிலும் விதைத்து, இரண்டிலும் நன்றாக நின்றவற்றை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஒழுங்காக நடத்திய சோதனையில் வறட்சி விளைச்சலும் மரபு வழி வருகிற குணம்தான் என்று தெளிவானது. எனக்கு இந்த மாற்றம் மரபணுக் கண்டுபிடிப்புகளைவிடப் பெரிதாகப் படுகிறது. விவசாயி பார்ப்பது மரக்காலில் அளக்கும் நெல்லை. ஆராய்ச்சியும் அதையே பார்க்கத் தொடங்கியது அப்போதுதான்.

அந்த வழியில் கிடைத்த ஒரு கண்டுபிடிப்பு வியப்பானது. ஹசாரிபாக்கில் உருவான வந்தனா வறட்சி தாங்கும் நெல். இந்தோனேசியாவின் வே ராரெம் வறட்சியில் வாடும் நெல். இரண்டையும் கலந்து நானூறுக்கும் மேற்பட்ட வரிசைகளைக் கடும் வறட்சியில் சோதித்தார்கள். 12ஆம் குரோமோசோமில் ஒரு பகுதி, விளைச்சல் வேறுபாட்டின் மரபுப் பங்கில் ஏறத்தாழ பாதியை விளக்கியது. ழெரோம் பெர்னியே 2007இல் வெளியிட்ட முடிவு இது. அந்த நல்ல பகுதி வந்தது வாடும் பெற்றோரான வே ராரெமிடமிருந்து. அதனிடம் இருந்த ஒரு நல்ல குணம் மற்ற குறைகளால் மறைந்து கிடந்திருக்கிறது. ஒரு ரகம் வறட்சியில் தோற்றது என்பதற்காக அதன் விதையைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது.

வெள்ளத்தைத் தாங்கும் நெல்லுக்கு ஒரு மரபணு போதுமானதாக இருந்தது. ஒடிசாவின் ஒரு பழைய நெல்லில் இருந்த சப்1, ஸ்வர்ணா என்ற ரகத்துக்குள் போனதும் இரண்டு வாரம் மூழ்கியும் அது பிழைத்தது. வறட்சிக்கு அப்படி ஒற்றைச் சாவி கிடைக்கவில்லை. கிடைக்கவும் போவதில்லை என்பது என் எண்ணம். மூழ்குவது ஒரு நிகழ்ச்சி. வறட்சி பல நிகழ்ச்சிகளின் கூட்டம்.

2010 வாக்கில் இந்தியாவில் வெளியான சகபாகி தான் என்ற ரகம், வறட்சி வயலில் நெல்லை நேரடியாக எடை போடும் அந்தப் புதிய தேர்வு முறையின் குழந்தை. 105, 110 நாள் வயது. ஹசாரிபாக் நெல் ஆராய்ச்சி நிலையமும் சர்வதேச நெல் நிலையமும் விவசாயிகளின் வயல்களிலேயே வைத்துப் பார்த்து எடுத்தது. வறட்சி வருஷத்தில் எக்டேருக்கு ஒரு டன் வரை கூடுதலாகத் தந்ததாகக் கணக்கு. இதே குடும்பத்து வரிசைகள் நேபாளத்தில் சூக்கா தான் என்ற பெயரில் வெளியாயின. கிழக்கிந்தியாவின் மேட்டு நிலங்களுக்கு நல்ல ரகம்.

நம் ஊருக்கு வருவோம். இராமநாதபுரம், சிவகங்கைச் சீமையில் நொறுங்கன், நூற்றிப்பத்து, கல்லுருண்டைக்கார், குருவைக்களஞ்சியம், வரப்புக்குடைஞ்சான் என்று புழுதி விதைப்புக்கென்றே நின்ற நெல்கள் உண்டு. மழை ஏமாற்றி இரண்டு வாரம் மூன்று வாரம் காய்ந்தாலும் நாற்றுப் பருவத்தில் இவை சட்டென்று சாவதில்லை. மழை விழுந்ததும் அடியிலிருந்து புதிய தூர் வெடித்து எழும். முதல் மாதத்தில் களையோடு போட்டி போட்டு ஓங்கி வளரும். நாற்று நடாத வயலில் இது பெரிய விஷயம். குறைகளும் உண்டு. உரம் போட்டால் சாயும். நல்ல வருஷத்தில் விளைச்சல் ஓர் அளவுக்கு மேல் ஏறாது.

பரமக்குடி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தின் பெயரை இந்த இடத்தில் மரியாதையோடு சொல்ல வேண்டும். சோதனை வயலே மழையை நம்பியது என்பதால் அங்கே எடுக்கும் முடிவில் பொய் கலக்க இடமில்லை. 2003இல் வந்த பி.எம்.கே.3, பிலிப்பைன்ஸின் மேட்டு நில நெல் ஒன்றையும் கோயம்புத்தூரின் கோ 43ஐயும் கலந்தது. கோ 43 உவர் நிலத்தை ஓரளவு தாங்கும் ரகம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் முன்பு சொன்ன உப்புக் கவலைக்கு இது பதில். 2009இல் வந்த அண்ணா 4, 100 முதல் 105 நாள் நெல். மானாவாரியில் எக்டேருக்கு 3,700 கிலோ சராசரி என்று வெளியிட்டார்கள். பின்வறட்சியில் தப்பிப்பதற்கு இன்று அந்தப் பகுதியில் கிடைக்கும் நல்ல தேர்வு. 2020இல் வந்த கோ 53இன் பிறப்பை நான் விரும்பிச் சொல்வேன். பி.எம்.கே.3 ஒரு பெற்றோர், நொறுங்கன் மற்றொரு பெற்றோர். பிலிப்பைன்ஸ் மேடு, கோவையின் உவர் தாங்கும் வயல், இராமநாதபுரத்துப் புழுதி மூன்றும் ஒரு செடிக்குள் கூடியிருக்கின்றன. யாரோ பெயர் தெரியாத குடும்பங்கள் பஞ்சத்திலும் தின்றுவிடாமல் குதிரில் விதைக்கென்று ஒதுக்கி வைத்த நொறுங்கன் இல்லையென்றால் இந்த ரகம் பிறந்திருக்காது.

அதற்காகப் பாரம்பரிய நெல் என்றாலே வறட்சி தாங்கும் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். இந்தப் பேச்சு இப்போது அதிகமாகக் காதில் விழுகிறது. மறைந்த நெல் ஜெயராமன் போன்றவர்கள் திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் பழைய நெல்களைத் தேடிச் சேர்த்து விவசாயிகளிடம் பரப்பியது மகத்தான பணி. அவர் திரட்டிய விதைகளே அவை எத்தனை விதமானவை என்பதற்குச் சாட்சி. அவற்றில் பள்ளக்கால் நெல் உண்டு, வெள்ளத்தில் நிற்பது உண்டு, 160 நாள், 180 நாள் நிற்பது உண்டு. மடுமுழுங்கி தண்ணீர் தேங்கும் நிலத்துக்கானது. அதைக் கமுதியின் மேட்டுக்காட்டில் விதைத்துவிட்டுப் பாரம்பரியத்தைக் குறை சொல்வது நியாயமில்லை. நம் முன்னோர் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு நெல் வைத்திருந்தார்கள். பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு நிலத்தை மறந்துவிட்டால் அவர்கள் அறிவில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டவர்களாவோம்.

புதிய தொழில்நுட்பத்துக்கும் இதே அளவுகோல்தான். 2025 மே மாதம் மத்திய அரசு மரபணுத் திருத்தம் செய்த இரண்டு நெல் ரகங்களை அறிவித்தது. அவற்றில் ஒன்று எம்.டி.யு.1010 என்ற ரகத்தில் டி.எஸ்.டி. என்ற மரபணுவைத் திருத்தி உருவானது. அந்த மரபணு செயலிழந்தால் இலைத்துளைகளின் எண்ணிக்கை குறைகிறது, இலை அகலமாகிறது, நீராவிப் போக்கு குறைகிறது. சோதனை முடிவுகளைக் குறித்து ஆதரவும் எதிர்ப்புமாக விவாதம் நடக்கிறது. எனக்கு அதில் அச்சமும் இல்லை, ஆரவாரமும் இல்லை. புழுதியில் விதைத்து, நவம்பரில் ஒரு இடைவெளியும் ஜனவரியில் ஒரு முற்றுப்புள்ளியும் பார்த்த வயலில், பக்கத்திலேயே அண்ணா 4ஐயும் நொறுங்கனையும் விதைத்து, சில பருவங்கள் எடை போட்டுக் காட்டட்டும். பிறகு பேசலாம்.

ரகம் ஒன்றே எல்லாவற்றையும் செய்துவிடாது என்பதும் உண்மை. விதையை ஒரு சதவீதப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் 16 மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்தி விதைப்பது செலவில்லாத வேலை. முளைப்பும் நாற்றின் உறுதியும் கூடும். கண்மாய் வண்டலை வயலுக்கு அடித்தால் மண் பிடித்து வைக்கும் ஈரம் கூடும். வண்டல் அடித்த வயலில் ரகம் பத்து நாள் கூடத் தாக்குப் பிடிக்கிறது என்றால் அதில் பாதிப் புகழ் மண்ணுக்குச் சேர வேண்டும்.

விவசாயிகளுக்கு என் வேண்டுகோள், விதை வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். முளைத்த எத்தனையாவது நாளில் பூக்கும்? எந்த மாதிரி மண்ணில், புழுதி விதைப்பிலா நடவிலா சோதித்தீர்கள்? நல்ல மழை வருஷத்தில் எவ்வளவு, கெட்ட வருஷத்தில் எவ்வளவு? விற்பவருக்குப் பதில் தெரியாவிட்டால் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த முறை தெரிந்துகொண்டு வரச் சொல்லுங்கள். ஒரே ரகத்தை நிலம் முழுதும் போடாதீர்கள். கண்மாய் மடைக்குப் பக்கத்து வயலில் வயது கூடியது, கடைமடையில் குறுகியது என்று பிரித்துப் போடலாம்.

அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. மானாவாரி விதை புரட்டாசி பிறக்கும் முன்பே, ஆவணிக் கடைசிக்குள் ஊர்க் கிடங்குக்கு வந்து சேர வேண்டும். பாசனப் பகுதியின் நாட்காட்டிப்படி ஐப்பசியில் வரும் 105 நாள் விதை, வயதில் குறுகியதாக இருந்தாலும் மார்கழி மழையைத் தவறவிட்டுத்தான் பூக்கும். மூட்டையின் மேல் வயதோடு கூட, பூக்கும் நாளையும் அது எந்தப் பருவத்து வறட்சிக்கு ஏற்றது என்பதையும் அச்சிட முடியுமானால் அடுத்த விதைப்புக்கே செய்யுங்கள். அந்த இரண்டு வரிக்கு ஆகும் செலவு மை மட்டுமே.